ஆயாவுக்குப் பல் முளைக்குமா? (150 வயது ஆராய்ச்சி பற்றி)

#1 லேத்துப்பட்டறை, பழைய வண்ணாரப்பேட்டை

எங்கள் ஆயாவுக்கு 91 வயது. ஆதாரில் 88 போட்டிருக்கிறது, அது தனிக் கதை. காலையில் எழுந்து வாசற்படியில் உட்கார்ந்தால், வெயில் காலில் படுகிறவரை அங்கேதான். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். ஒரு பழைய பிஸ்கட் டப்பா, அதில் மாத்திரை. பிரஷருக்குச் சின்னது, சுகருக்கு நீளமாக வெள்ளையாக ஒன்று. மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

போன வாரம் பட்டறையிலிருந்து லேட்டாக வந்து, தூக்கம் வராமல் ஒரு நீளமான கட்டுரை படித்தேன். மனிதனை 150 வயது, 200 வயது, கடைசியில் சாவே இல்லாமல் வைக்கப் போகிறார்களாம். எலிக்கு நடந்துவிட்டது, மனிதனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் என்று எழுதியிருந்தது. காலையில் ஆயாவிடம் சொன்னேன்: "ஆயா, ஒரு மாத்திரை வரப்போவுதாம். போட்டா 150 வயசு வரைக்கும் இருக்கலாமாம்."

ஆயா டப்பாவை மூடினாள். "பல்லு மொளைக்குமா?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். பல் முளைக்குமா? இதெல்லாம் நிஜமா? அப்புறம், உங்களுக்கு வேண்டுமா?

#2 கேரம்_காயின், புது வண்ணாரப்பேட்டை

பல் இருக்கிறது தலைவரே. எனக்கு முடி வருமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

#3 ஓய்வு_டீச்சர், பெரம்பூர்

31 வருடம் உயிரியல் எடுத்தவள். கேட்டது ஆயா என்பதால் பல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் பல் முளைக்க வைக்கும் மருந்து ஒன்றை 2024-ல் மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். பல் முளைப்பதைத் தடுக்கிற ஒரு புரதம் நம் உடம்பில் இருக்கிறது, அதை இந்த மருந்து அடக்கும். எலியிலும் ஃபெரெட் என்கிற கீரி போன்ற பிராணியிலும் முளைத்திருக்கிறது. முதல் சுற்றில் 30 வயது முதல் 64 வயது வரையுள்ள ஆண்களைத்தான் எடுத்தார்கள், அதுவும் ஆபத்து இல்லையா என்று பார்க்க மட்டும். ஆயாவிடம், "கேள்வி சரியான கேள்வி, பதில் இன்னும் வரவில்லை" என்று சொல்லுங்கள்.

இனி 150 வயதுக்கு வருவோம். இதுவரை ஆதாரத்தோடு அதிக காலம் வாழ்ந்தவர் பிரான்ஸின் ழான் கால்மோ அம்மையார். 1875-ல் பிறந்து 1997-ல் இறந்தார், 122 வருடம் 164 நாள். அதற்கப்புறம் மருத்துவம் இவ்வளவு வளர்ந்தும் அந்த எல்லையை இன்னொருவர் தொடவில்லை.

காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரு காலத்தில் செல்லுக்குச் சாவு கிடையாது என்றே நம்பினார்கள். அலெக்சிஸ் கேரல் என்ற நோபல் பரிசு வாங்கிய டாக்டர், கோழிக்கருவின் இதய செல்லை வருடக்கணக்காக வளர்ப்பதாகச் சொன்னார். பெரிய மனிதர் சொன்னதால் யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. 1961-ல் லியோனார்ட் ஹேஃப்ளிக் மனித செல்லை வளர்த்துப் பார்த்தபோது, சுமார் 50 தடவை பிரிந்ததும் அது நின்றுவிட்டது.

ஏன் நிற்கிறது என்பதை வகுப்பில் இப்படித்தான் சொல்வேன். பழைய ரேஷன் கார்டு ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு தடவை பொருள் வாங்கும்போதும் கடைக்காரர் ஒரு கட்டத்தில் எழுதுவார். கட்டம் தீர்ந்தால் கார்டு இருந்தும் சர்க்கரை கிடையாது. செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோமின் முனையில் இருக்கும் டெலோமியர் அந்தக் கட்டங்கள் மாதிரி. செல் பிரிகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தீரும்.

#4 லேத்துப்பட்டறை

டீச்சர், கார்டில் கட்டம் தீர்ந்தால் உள்தாள் ஒட்டிக் கொடுத்தார்களே. ஸ்மார்ட் கார்டு வருகிற வரைக்கும் எங்கள் வீட்டுக் கார்டு உள்தாள் மேல் உள்தாளாகப் புத்தகம் மாதிரி இருந்தது.

#5 ஓய்வு_டீச்சர்

சபாஷ். உடம்பிலும் உள்தாள் ஒட்டுகிற ஆள் உண்டு. டெலோமரேஸ் என்று பெயர். டெலோமியர் குரோமோசோமைக் காப்பதையும் இந்த டெலோமரேஸையும் கண்டுபிடித்ததற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் 2009-ல் நோபல் கொடுத்தார்கள். (நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வேதியியலில் நோபல் வந்ததும் அதே வருடம். இப்போது அவர் மூப்பைப் பற்றி நிறைய எழுதுகிறார். இந்தச் சாவில்லாப் பரபரப்பைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்.)

சிக்கல் எங்கே என்றால், எல்லா செல்லுக்கும் உள்தாள் ஒட்டுகிற வேலையை உடம்பு வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறது. அதைத் திருட்டுத்தனமாகத் திறந்துகொள்வது யார்? புற்றுநோய் செல். ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண் 1951-ல் கருப்பைவாய்ப் புற்றுநோயில் இறந்தார். கேட்காமலே அவரிடமிருந்து எடுத்த செல்கள் இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது 31 வயது, அவரைக் கொன்ற செல்லுக்குச் சாவு இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பின்பெஞ்சுகூட அமைதியாகிவிடும்.

#6 உப்புக்காத்து, காசிமேடு

ஆயா கேட்ட வரம் சுறாவுக்குக் கிடைத்திருக்கிறது. விழ விழ முளைத்துக்கொண்டே இருக்கும். வடக்கே கிரீன்லாந்துப் பக்கம் ஆழக்கடலில் ஒரு சுறா, குறைந்தது 272 வருடம் வாழும் என்று கண் வில்லையைச் சோதித்து 2016-ல் சொன்னார்கள். ஆனால் அந்தக் குளிரில், அந்த இருட்டில், மணிக்கு மூன்று கிலோமீட்டர்கூடப் போகாமல் நகர்ந்துகொண்டு 272 வருடம்! நம்மால் ஆகாது.

எனக்கு இதைப் பற்றி வேறு யோசனை. எங்கள் விசைப்படகு மரப்படகு. மீன்பிடித் தடைக்காலத்தில் மேட்டில் ஏற்றி வேலை பார்ப்போம். மக்கிய பலகையை எடுத்துப் புதுசு போடுவோம், இடுக்கில் பஞ்சு அடைப்போம், பெயிண்ட் அடிப்போம். அப்பா வாங்கிய படகுதான், ஆனால் அப்பா தொட்ட பலகை இன்று அதில் நாலு இருந்தால் அதிகம். எஞ்சினையே இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. பதிவு எண் மட்டும் அதேதான். மனிதனையும் இப்படி வருடா வருடம் மேட்டில் ஏற்றினால் என்ன?

#7 ஓய்வு_டீச்சர்

தம்பி, நீங்கள் சொன்னதையே ஆப்ரே டி கிரே என்ற ஆங்கிலேயர் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூப்பு ஏன் வருகிறது என்று முழுசாகத் தெரிய வேண்டாம், சேதத்தை அவ்வப்போது சரிசெய்தால் போதும் என்பது அவர் கட்சி. ஒரு பழுது நம்மைக் கவிழ்க்கும் முன் அடுத்த மராமத்து வந்துவிட வேண்டும். விஞ்ஞானிகள் பலர் அவரோடு சண்டை போட்டார்கள், ஆனால் அந்தத் திசையில் வேலை நடக்கிறது. பிரியாமலும் சாகாமலும் சுற்றியிருப்பதைக் கெடுத்துக்கொண்டு கிடக்கும் கிழட்டு செல்களை 2011-ல் எலியில் அழித்துப் பார்த்தார்கள். எலிக்குக் கண்புரையும் சதைத் தளர்ச்சியும் தள்ளிப்போயின.

அதைவிடப் பெரியது ஜப்பான் விஞ்ஞானி யமனாகா செய்தது. 2006-ல் நாலே நாலு மரபணுவை இயக்கிவிட்டு, வளர்ந்த எலியின் செல்லைக் கருவில் இருந்த நிலைக்கே திருப்பினார். 2012-ல் நோபல். முழுசாகத் திருப்பினால் கட்டி வரும், கொஞ்சம் மட்டும் திருப்பி நிறுத்தினால் செல் இளமையாகும் என்று இப்போது எலியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2020-ல் அந்த நாலில் மூன்றை மட்டும் வைத்து எலியின் நசிந்த பார்வை நரம்பைத் தளிர்க்க வைத்தார்கள்.

உங்கள் படகுக்கும் மனிதனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. படகை மேட்டில் ஏற்றலாம். மனிதனைக் கடலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பலகை மாற்ற வேண்டும். மூளை என்ற பலகையை எடுத்து வேறு போட்டால், வருவது நீங்கள்தானா?

#8 உப்புக்காத்து

பதிவு எண் அதேதான் டீச்சர்.

#9 மூணாம்_ஷிப்ட், வியாசர்பாடி

டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலை எனக்கு. லேத்து அண்ணன் படித்த எலி மருந்து அநேகமாக ராபமைசின். அது எனக்குப் பழக்கம். கிட்னி மாற்றிக்கொண்ட சிலருக்கு, புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க சிரோலிமஸ் என்ற பெயரில் எழுதிக் கொடுப்பது அதைத்தான். 1964-ல் ஈஸ்டர் தீவுக்குப் போன கனடா குழு அள்ளிவந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா கொடுத்தது. தீவுக்காரர்கள் தங்கள் ஊரை ராபா நுய் என்பார்கள், அதிலிருந்து வந்த பெயர். 2009-ல் அமெரிக்காவில் மூன்று ஆய்வகத்தில் ஒரே நேரத்தில், 600 நாள் வயதான எலிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். மனிதக் கணக்கில் அறுபது வயது. பெண் எலிகளின் கடைசி எல்லை 14 சதவீதமும் ஆண் எலிக்கு 9 சதவீதமும் தள்ளிப்போனது. ரிட்டயர் ஆகிற வயதில் ஆரம்பித்தும் பலன் தெரிந்ததால்தான் அவ்வளவு பேச்சு.

ஆனால் இதைச் சாப்பிடுகிறவர்களைத் தினம் பார்க்கிறவன் நான். வாயெல்லாம் புண், மோர்சாதம்கூட எரியும். கொழுப்பு ஏறும், காயம் ஆற நாளாகும். ஆய்வகத்து எலிக்குக் கிருமி அண்டாத கூண்டு, அளந்து போட்ட தீனி. புளியந்தோப்பில் மழைத்தண்ணீரும் சாக்கடையும் ஒன்றாக முட்டிவரை நிற்கும்போது, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். 150 எங்கே, அந்த நவம்பரைத் தாண்டட்டும்.

அப்புறம், ஆயாவின் டப்பாவில் இருக்கும் நீளமான வெள்ளை மாத்திரை மெட்ஃபார்மினாக இருந்தால் ஒரு செய்தி. ஆயுள் மருந்துப் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. அதைச் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள், சர்க்கரையே இல்லாதவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் வாழ்கிறார்கள் என்று 2014-ல் பிரிட்டனில் ஒரு கணக்கு வந்தது. 2022-ல் டென்மார்க்கில் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. சர்க்கரை இல்லாத 3000 முதியவர்களுக்குக் கொடுத்துச் சோதிக்க நிர் பார்சிலாய் என்ற டாக்டர் வருடக்கணக்காகப் பணம் தேடி அலைகிறார். காப்புரிமை தீர்ந்த சல்லிசான மாத்திரை, இதில் பணம் போட்டு எந்தக் கம்பெனி என்ன பார்க்கப்போகிறது?

#10 கேரம்_காயின்

மெட்ஃபார்மின் வேலை செய்திருந்தால் எங்கள் தெருவில் இந்நேரம் பாதிப் பேருக்கு 150 ஆகியிருக்கும்.

அமெரிக்காவில் ஒரு பணக்காரர் மகன் ரத்தத்தையே ஏற்றிக்கொண்டாராமே, நிஜமா?

#11 மூணாம்_ஷிப்ட்

பிரையன் ஜான்சன். 2023-ல் 17 வயது மகனுடைய ரத்தத்தின் பிளாஸ்மாவை ஏற்றிக்கொண்டார். பலன் தெரியவில்லை என்று அவரே நிறுத்திவிட்டார். நான் தினம் பார்ப்பது வேறு. அம்மா மகனுக்குக் கிட்னி கொடுக்க வரிசையில் நிற்பாள், மகன் வேண்டாம் என்று அழுவான்.

#12 மூலிகை_வழி, ராயபுரம்

இதெல்லாம் நம் சித்தர்கள் எப்போதோ செய்தது. காயகற்பம் சாப்பிட்டவனுக்கு நரை கிடையாது, திரை கிடையாது. அதியமான் அவ்வைக்குக் கொடுத்த நெல்லிக்கனி என்ன? வெள்ளைக்காரன் இப்போதுதான் எலியில் ஆரம்பிக்கிறான். எனக்குத் தெரிந்த ஒரு வைத்தியரிடம் 48 நாள் சாப்பிடும் பஸ்பம் இருக்கிறது. தொடர்பு கொள்ள [நீக்கப்பட்டது]

#13 நெறியாளர்

போன் நம்பர், விலைப் பட்டியல், "இன்பாக்ஸ் வரவும்" எதுவும் இங்கே வேண்டாம். அடுத்த தடவை கணக்கு முடக்கப்படும்.

#14 மூணாம்_ஷிப்ட்

நெறியாளர் நீக்கியது நல்லது. எங்கள் அப்பா மூட்டுவலிக்கு ஒருவரிடம் பஸ்பம் வாங்கிச் சாப்பிட்டார். பட்டம் வாங்கிய சித்த மருத்துவர் இல்லை, வாசலில் போர்டு மட்டும் வைத்திருந்தவர். பொட்டலத்தில் பெயர் இல்லை, தேதி இல்லை. நாலு மாதத்தில் கால் வீங்கியது. சரியாகச் சுத்தி செய்யாத பாதரசமும் ஈயமும் கிட்னியில் கை வைக்கும். வாரம் மூன்று நாள் மெஷினில் படுத்திருந்த அப்பாவுக்கு ஊசி குத்தக் கற்றுக்கொள்ளப் போய்த்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

நெல்லிக்காயில் எனக்குச் சண்டை இல்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

#15 பெட்டி_ஃபேக்டரி, அயனாவரம்

ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு இதில் ஒரு சந்தேகம்தான், பென்ஷன் சந்தேகம். மத்திய அரசு விதிப்படி 80 வயது முடிந்தால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, 100 ஆனால் முழுசாக ஒரு மடங்கு. அதற்கு மேல் பட்டியலில் வரி கிடையாது. ஒருத்தன் 300 வயது வரை இருப்பான் என்று அந்த உத்தரவைப் போட்டவர் நினைக்கவில்லை. 60-ல் ஓய்வு, 300-ல் சாவு என்றால் 240 வருடப் பென்ஷன். எந்த அரசாங்கம் கொடுக்கும்? "இன்னும் நூறு வருடம் வேலை பாருங்கள்" என்பார்கள். பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வெல்டிங் அடித்தவனுக்கு அந்த நூறு வருடம் என்ன என்று தெரியும்.

இன்னொன்று. வருடா வருடம் நவம்பரில் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். போன தடவை ஒரு இடத்தில் விரலை வைத்தேன், ரேகை விழவில்லை. இன்னொரு விரல், அதுவும் விழவில்லை. பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைத்தேன். "ரேகை தேஞ்சு போச்சு தாத்தா" என்றது அந்தப் பெண். இரும்பு பிடித்த கை, தேயாமல் என்ன செய்யும்? முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன், கம்ப்யூட்டர் நான் இல்லை என்கிறது. அப்புறம் முகத்தைப் படம் பிடித்துச் சரிசெய்தார்கள். 77-லேயே இந்தக் கதை என்றால் 177-ல் எதை வைத்து நான் இருக்கிறேன் என்று காட்டுவேன்?

#16 லைன்_வீடு, தண்டையார்பேட்டை

பென்ஷன் இருக்கிறவர்கள் பென்ஷனைப் பற்றிக் கவலைப்படலாம். எனக்கு வீட்டுக் கவலை. 280 சதுர அடியில் ஏழு பேர் இருக்கிறோம். தாத்தா பெயரில் பத்திரம். அவருக்கு 84. ராஜா மாதிரி இருக்கிறார், நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர் 200 வரை இருந்தால் அப்பா 175-ல் பாகம் கேட்பார், என் முறை எப்போது?

டீச்சர் சொன்ன கால்மோ பாட்டியைப் பற்றித் தேடினேன். 90 வயதில் ஒரு வக்கீலோடு ஒப்பந்தம் போட்டாராம். சாகிறவரை மாதம் 2500 பிராங்க் வக்கீல் கொடுக்க வேண்டும், செத்தால் வீடு வக்கீலுக்கு. வக்கீலுக்கு அப்போது 47 வயது. சல்லிசாக முடிந்தது என்று நினைத்திருப்பார். முப்பது வருடம் கொடுத்தார், வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டினார், 1995-ல் அவர்தான் முதலில் செத்தார். அப்புறமும் அவர் மனைவி கொடுத்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டுத் தாத்தாவைப் பார்த்தேன். தெரு முனையில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தார்.

#17 கேரம்_காயின்

வீட்டை விடுங்கள். நம் வார்டு ஆட்களுக்கு 400 வயது ஆயுள் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்.

இன்னொரு யோசனை. இப்போதைக்கு உடம்பை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மருந்து வந்ததும் எழுப்பச் சொன்னால்? கொருக்குப்பேட்டையில் கரண்ட் போனால் மீன் மாதிரி ஆகிவிடுவோம் என்பதுதான் பயம்.

#18 ஓய்வு_டீச்சர்

அதற்குக் கரண்ட் வேண்டாம். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைப்பார்கள், அவ்வப்போது ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். 1967-ல் இறந்த ஜேம்ஸ் பெட்ஃபோர்டு இன்னமும் அமெரிக்காவில் அப்படி இருக்கிறார். எழுப்பத்தான் யாருக்கும் தெரியவில்லை.

#19 சாம்பல்_குளம், எண்ணூர்

எல்லோரும் 150, 300 என்று பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் மாடியில் துணி காயப்போட்டால் எடுக்கும்போது சாம்பலைத் தட்டித்தான் மடிக்க வேண்டும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. வலையும் போச்சு, படகும் கறுப்பானது. அதே மாதக் கடைசியில் நடுராத்திரி அம்மோனியா கசிந்து, கண்ணெரிச்சலோடு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என் மாமியாருக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. செல்லுக்கு உள்தாள் ஒட்டுவது இருக்கட்டும், மூச்சை இழுக்கிற காற்றுக்கு ஒரு வழி சொல்லுங்கள். அந்த மருந்து வந்தாலும் பாலத்துக்கு அந்தப் பக்கமே தீர்ந்துவிடும். இங்கே வருவதற்குள் காலாவதித் தேதி வந்துவிடும்.

#20 பெட்டி_ஃபேக்டரி

அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். ஒன்று மட்டும் சொல்கிறேன். சுதந்திரம் வந்தபோது இந்தியாவின் சராசரி ஆயுள் 32, இப்போது 70 தாண்டிவிட்டது. இதே ஊரில், இதே காற்றில்தான். அப்படியே போனால் 150 தன்னால் வரும் என்று என் பேரன் சொல்கிறான்.

#21 ஓய்வு_டீச்சர்

சார், இந்தக் கணக்கில் எல்லோரும் சறுக்குவார்கள். 32 என்றால் அந்தக் காலத்தில் 32 வயதில் எல்லோரும் செத்தார்கள் என்று அர்த்தம் இல்லை. பிறந்ததில் ஏறக்குறைய ஏழில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அதுதான் சராசரியைக் கீழே இழுத்தது. தப்பித்தவர்களில் 70, 80 வரை போனவர்கள் அன்றும் உண்டு. தடுப்பூசி, நல்ல தண்ணீர், ஆஸ்பத்திரிப் பிரசவம் மூன்றும் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றின. அந்த லாபம் ஒரு தடவைதான் கிடைக்கும். கிழவர்களை இன்னும் கிழவர்களாக்குவது வேறு வேலை.

1825-ல் லண்டனில் இன்சூரன்ஸ் கணக்குப் பார்த்த காம்பெர்ட்ஸ் ஒன்றைக் கவனித்தார். வளர்ந்த மனிதனுக்குச் சாவின் ஆபத்து குறிப்பிட்ட வருடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகிறது. இப்போதைய கணக்கில் அது சுமார் எட்டு வருடம். மீட்டர் வட்டி மாதிரி. அதனால்தான் புற்றுநோயை முழுக்க ஒழித்தாலும் சராசரியில் கூடுவது மூன்று வருடம் போலத்தான் என்கிறார்கள். ஒருவனிடம் தப்பித்தால் அடுத்த கடன்காரன் வாசலில் நிற்பான். வட்டியை நிறுத்தினால்தான் உண்டு. அதற்குப் பெயர்தான் மூப்பை நிறுத்துவது.

ஸ்டீவன் ஆஸ்டாட், ஜே ஓல்ஷான்ஸ்கி என்று இரண்டு பேராசிரியர்கள் 2000-ல் பந்தயம் கட்டினார்கள். அன்றைக்கு உயிரோடு இருக்கும் யாராவது ஒருவர் 150-ஐத் தொடுவார் என்கிறார் முதலாமவர், மாட்டார் என்கிறார் மற்றவர். ஆளுக்கு 150 டாலர் போட்டு, பின்னால் இன்னும் கொஞ்சம் சேர்த்தார்கள். 2150-ல் ஜெயித்தவரின் வாரிசுக்குப் பணம். இரண்டு பேருமே நேரில் வாங்கமாட்டார்கள் என்பதில் மட்டும் ஒற்றுமை.

#22 சட்டி_மேளம், புளியந்தோப்பு

நான் சாவுக்கு மேளம் அடிக்கிறவன். இந்த இழையில் நஷ்டப்படப் போகிற ஆள் நான்தான், அதனால் என்னையும் பேச விடுங்கள்.

போன் வந்ததும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி வீடு எங்கே என்று இல்லை. "என்ன வயசு?" அதை வைத்துத்தான் எத்தனை பேர் போவது, என்ன அடிப்பது என்று முடிவு. 85, 90 என்றால் கல்யாண சாவு. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள், பட்டாசு, பூ, ராத்திரி முழுக்க கானா. செத்துப்போன கிழவி இளவயதில் யாரோடு சண்டை போட்டாள் என்பதுகூடப் பாட்டில் வரும், மகள்கள் அழுதுகொண்டே சிரிப்பார்கள். மூலகொத்தளம் சுடுகாடு போகிறவரை ஆட்டம் நிற்காது. 25, 30 வயது என்றால் வேறு. மூன்று பேர் போவோம். மெதுவான அடி. யாரும் ஆடமாட்டார்கள். அந்தப் பந்தலில் காசு கேட்கவே வாய் வராது. பாதி நாள் கேட்காமல் வந்திருக்கிறோம்.

மூப்பை நிறுத்திவிட்டால் சாவு நின்றுவிடுமா டீச்சர்? மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரி நிற்குமா?

#23 ஓய்வு_டீச்சர்

நிற்காது. கணக்கு சுலபம். மூப்பே இல்லை, ஆனால் விபத்து, தொற்றுநோய், கொலை எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் சாகிறார் என்று வையுங்கள். அப்போது சராசரி ஆயுள் ஆயிரம் வருடம். சிலர் முப்பதில் போவார்கள், சிலர் மூவாயிரத்தில் போவார்கள். யாரும் மூப்பால் போகமாட்டார்கள்.

#24 சட்டி_மேளம்

அதைத்தான் கேட்டேன். அப்படியென்றால் ஒழியப்போவது கல்யாண சாவு மட்டும்தான். மிச்சம் இருக்கிறதெல்லாம் மூன்று பேர் போகிற சாவு. 900 வயதுக்காரன் லாரியில் அடிபட்டாலும், "இன்னும் எவ்வளவோ இருந்திருக்க வேண்டியவன்" என்றுதான் அழுவார்கள். எந்த வீட்டிலும் நெய்ப்பந்தம் பிடிக்கமாட்டார்கள். எனக்கு வேலை போகாது. ஆனால் அந்த வேலையை நான் செய்யமாட்டேன்.

#25 கொருக்குப்பேட்டை_பொண்ணு

அண்ணே, உங்கள் எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் அம்மா 52-ல் போய்விட்டாள். ஹார்ட் அட்டாக். பந்தலில் ஒரு பெரியவர், "வர்றவங்க போய்த்தானே ஆகணும்" என்றார். அவருக்கு 80 இருக்கும். சாவு இருந்தால்தான் வாழ்க்கைக்கு ருசி என்று சொல்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் பேசுவது எப்போதும் அடுத்தவர் சாவைப் பற்றித்தான்.

காசநோயையும் ஒரு காலத்தில் விதி என்றுதான் சொன்னார்கள். மாத்திரை வந்தும் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் வருடக்கணக்கில் படுக்க வேண்டும், ஏழைக்கு வீட்டில் வைத்தியம் ஆகாது என்று உலகமே நம்பியது. 1956-ல் இதே சென்னையில் ஒரு ஆராய்ச்சி மையம் வைத்து, குடிசையில் இருக்கிற நோயாளிக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் குணமான அளவுக்கு வீட்டிலும் குணமானது. குடும்பத்துக்கும் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுக்க வைத்தியமே மாறியது. எங்கள் பாட்டி பிழைத்தது அந்த மாத்திரையில். அன்றைக்கு யாராவது, "எல்லோரும் பிழைத்தால் வீடு பத்தாது" என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

வீடு பத்தவில்லை என்றால் வீடு கேட்டுச் சண்டை போடுவோம். மருந்து இந்தப் பக்கம் வரவில்லை என்றால் அதற்கும் சண்டை போடுவோம். எனக்கு அந்த மாத்திரை வேண்டும். எனக்கு இல்லை என்றாலும் என் மகளுக்கு.

#26 சாம்பல்_குளம்

சண்டை போடுகிற அன்று சொல்லும்மா, நானும் வருகிறேன்.

#27 சட்டி_மேளம்

தங்கச்சி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. 52 வயதுப் பந்தலில் நானும் அடித்திருக்கிறேன்.

#28 லைன்_வீடு

தாத்தாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். வக்கீல் கதை வந்த இடத்தில் மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

#29 லேத்துப்பட்டறை

பத்து நாள் இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கவும். டீச்சர் சொன்ன ஜப்பான் விஷயத்தை ஆயாவிடம் சொன்னேன். "அவன் கண்டுபுடிக்கட்டும், நீ என்னாத்த புடுங்கற?" என்றாள். சரி என்று ஒரு நாள் லீவு போட்டு, கோட்டை ஸ்டேஷன் பக்கம் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். அளவு எடுத்தார்கள், நாலைந்து தடவை நடந்தோம், நேற்று செட்டு கைக்கு வந்தது.

மாட்டியதும் முதல் அரை மணி நேரம் ஆயா வாயைத் திறக்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். முகம் கொஞ்சம் உப்பி, கல்யாண போட்டோவில் இருக்கிற ஜாடை வந்தது. அப்புறம் பையிலிருந்து எதையோ எடுத்தாள். வறுத்த வேர்க்கடலை. எப்போது வாங்கி வைத்தாள் என்று தெரியவில்லை. அந்த டாக்டர் பொண்ணு, "பாட்டி, ஒரு வாரம் மெத்துன்னுதான் சாப்பிடணும்" என்று பிடுங்கிக்கொண்டது.

"இது எத்தினி வருஷம் வரும்?" என்று கேட்டாள் ஆயா.

"அஞ்சாறு வருஷம் வரும் பாட்டி. அப்புறம் மாத்திக்கலாம்."

ஆயா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். என் பக்கம் திரும்பி, "150-க்கு இன்னும் பத்து செட்டு வேணும்டா" என்றாள்.

#30 மூணாம்_ஷிப்ட்

அண்ணே, செட்டுக்கு எவ்வளவு ஆச்சு? எங்கம்மாவுக்குப் பார்க்கணும்.

#31 லேத்துப்பட்டறை

நேரில் சொல்கிறேன் தம்பி. காலையில் சீக்கிரம் போய் டோக்கன் வாங்கிவிடுங்கள். ஆதார் எடுத்துப் போங்கள், அதில் வயது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. வேர்க்கடலையை மட்டும் பையில் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.